பனியில் இன்னும் அழிக்காத கோடு

அனுப்புநர்:
ரியோஹெய் நுமசாவா (வயது 19),
பனி இயந்திர ஓட்டுநர்,
நகரப் பனிச்சறுக்கு அரங்கம்,
யுகினோசாவா, ஹொக்கைடோ.

பெறுநர்:
திருமதி ஒகனோகி அவர்கள்,
நடுவர் குழுத் தலைவர்,
வட்டாரப் பனிச்சறுக்கு நடனப் போட்டி.

பொருள்: செல்வி சுஸுனா கிதாடேயின் காலடி வரிசைக்குத் தரம் குறைத்ததை, மூன்று மணிப் பரிசளிப்புக்கு முன் நேரில் பார்த்துத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் பள்ளியைப் பாதியில் விட்டவன். நடுவர் விதிகளைப் படித்ததில்லை. ஆனால் இரண்டு குளிர்காலமாக, சுஸுனா காலையில் பழகி முடித்ததும் பனியில் விழுந்த அவர் காலடிக் கோடுகளை இயந்திரத்தால் தண்ணீர் விட்டு அழிப்பது என் வேலை. இங்கே எத்தனையோ பேர் ஆடுகிறார்கள். அழிக்க மனம் வராத வரிசை அது ஒன்றுதான்.

2. அதில் ஏழாவது திருப்பம் கடினமானது. சரியாகத் திரும்பினால் பனியில் விழும் கோட்டின் கூர்மூக்கு வளைவுக்கு வெளியே நீளும். சுலப வழியில் திரும்பினால் உள்ளே நீளும். போன குளிர்காலம் முழுக்க உள்ளேதான் நீண்டது. இந்த செப்டம்பரில்தான் வெளியே வந்தது.

3. இன்று கடைசியாக ஆடியவர் சுஸுனா. அந்தத் திருப்பம் சுலபமானது என்று தங்கள் குழு தரம் குறைத்தது. தங்கள் மேசையும் கேமராவும் எதிர்ப்பக்கம்; அவர் உடம்பே காலை மறைத்திருக்கும். நான் நின்ற இயந்திர வாசலிலிருந்து அது நான்கடி தூரம். மூக்கு வெளியே நீண்டிருக்கிறது. மற்றவர்களின் கீறல்களுக்கு மேலே, புதிதாகக் கிடக்கிறது.

4. 0.3 புள்ளி வித்தியாசத்தில் அவருக்கு நான்காமிடம். அடுத்த சுற்றுக்கு மூன்று பேர்தான். மார்ச்சில் பள்ளி முடிந்ததும் நண்டு ஆலையில் வேலைக்குச் சேர்கிறார். இன்னொரு போட்டி இல்லை.

5. இரண்டரைக்குப் பொதுமக்களை விட வேண்டும், பனியை அழி என்றார் மேலாளர். மறுத்தேன். "பள்ளிக்கூடத்தையே முடிக்காதவன் நடுவருக்குப் பாடம் எடுக்கிறியா? தண்ணிய விட்டு அழிடா" என்றார். அது எனக்குப் பழகிப்போன பேச்சு. ஆனால் சுஸுனா சறுக்குக் காலணியைக்கூடக் கழற்றாமல் வந்து, "தொடைச்சிருங்கண்ணே. என் கால் என்ன செஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். அதன் பிறகுதான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

6. மதிப்பெண் போடுங்கள் என்று கேட்கவில்லை. படியிறங்கி வந்து பாருங்கள். கோட்டருகே ஆரஞ்சுக் கூம்பு வைத்திருக்கிறேன். மூக்கு உள்ளே இருந்தால் என்னை வேலையை விட்டு நீக்கச் சொல்லுங்கள், போகிறேன். வெளியே இருந்தால் திருத்துங்கள். நீங்கள் பார்த்த பிறகு நானே அழிக்கிறேன். அதுவரை இயந்திரம் வாசலை மறித்து நிற்கும். வேறு யாராலும் அதை நகர்த்த முடியாது.

விரைந்து வருவீர்கள் என்ற நம்பிக்கையுடன்,
ரியோஹெய் நுமசாவா
(கையொப்பம்)

இடம்: யுகினோசாவா
நாள்: 23.11.2019, பிற்பகல் 2.10

இணைப்பு: பனி இயந்திரத்தின் சாவி – 2 (மாற்றுச் சாவி உட்பட).