ஓரம் வெட்டிய அட்டை

ஹோர்சன்ஸ்
12.11.1989

அன்பின் றெஜினா,

நீரும் மகள் கிளோறியாவும் சுகந்தானே? எனக்குக் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

அச்சகத்தில் என்னோடு வேலை செய்யும் முதியவர் ஐனர், தன் தகப்பன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்ன அட்டையொன்றைக் காட்டினார். அதில் ஒரு பேஸ்போல் வீரனின் படம். அந்தக் காலத்தில் பெரிய தாளில் பல படங்களை ஒவ்வொரு நிறமாக அச்சடித்து, வெட்டி, சிகரெட் பெட்டிக்கு ஒன்றாக வைப்பார்களாம். பெட்டியும் நசுங்காது, படம் சேர்க்கிறவர்கள் திரும்பவும் வாங்குவார்கள்.

அட்டையின் ஓரங்கள் நைந்திருந்தன. அவர் சாப்பிடப் போன நேரம், சந்தோசப்படுவாரென்று நினைத்து, தாள் வெட்டும் மெசினில் நாலு பக்கமும் நேராக வெட்டிவிட்டேன். திரும்பி வந்தவர் வெட்டின ஓரத்தை விரலால் தடவினார்.

"அப்பா பிடிச்சுப் பிடிச்சுத்தான் அந்த ஓரம் தேஞ்சது" என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீ நல்லதுக்குத்தானே செய்தனி" என்று தோளில் தட்டினார். ஏசியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது.

உங்களை இங்கே கூப்பிடக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதிலில்லை. "முதல்ல நான் போறன்" என்று உங்களை விட்டு வந்ததும் நல்லதுக்கென்றுதான்.

கிளோறியாவின் பாதத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்பும். நீங்கள் இங்கே வரும்போது அவள் போடக் குளிர்ச் சப்பாத்து வாங்க வேண்டும். எத்தனை அளவு கூட்டி வாங்குவதென்றுதான் தெரியவில்லை.

பஸ் தரிப்பில் இருந்துதான் எழுதுகிறேன். பஸ் வருகிறது.

உமது மரியரட்ணம்