தட்டில் தடுமாறும் உன் செல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். போனில் நம் குடும்ப நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதைப் பத்தி மட்டும் பேசாதக்கா" என்று துண்டித்துவிடுகிறாய். வேறு வழி?

அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. அந்த வலியோடும், நீ ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

வெளியூர் வேலைக்குப் புறப்படுமுன் எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தாயே, அதிலிருந்து எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல் உண்டாக்கி, அதை ஆய்வகத் தட்டில் இதயச் செல்லாக வளர்த்தோம். என் ரத்தத்திலிருந்தும் அப்படியே. அப்பாவையும் பெரியண்ணனையும் கொண்டுபோன இதய நோய் எனக்கும் இருக்கிறது. எந்த மரபணு காரணம் என்று இன்னும் பிடிபடவில்லை. உன் ஸ்கேனில் குறையில்லாததால் உனக்கு இல்லை என்று நம்பினோம். மருந்து போட்டதும் என் செல்கள் உன்னுடையதைப் போல ஒழுங்காகத் துடிக்கின்றனவா என்று பார்ப்பதுதான் திட்டம்.

ஆனால் மருந்து போடுமுன்பே, என்னுடையதைப் போலவே உன் செல்களும் துடிப்பில் தடுமாறின. நான்தான் நம் இருவர் தட்டையும் மாற்றி வைத்துவிட்டேன் என்று ஆய்வகத் தலைவர் என்மேல் பாய்ந்தார். நான் விடவில்லை. உறைய வைத்திருக்கும் உன் செல்லை எடுத்து வேறு யாராவது வளர்க்கட்டும், நான் கிட்டேயே வரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றேன். வளர்த்தார்கள். அதே தடுமாற்றம். ஜெயித்தவள் நான்தான், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளும் நான்தான்.

"நம்ம வம்சத்துக்கு எழுதி வெச்சது அவ்வளவுதான்" என்பாய். எழுதியவனை வரச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். ஒரு மருந்து நம் இருவர் செல்களையும் சீராகத் துடிக்க வைத்திருக்கிறது. தட்டில்தான், மனிதருக்கு வரக் காலமாகும், பொய் சொல்ல மாட்டேன். அதுவரை நீ இருக்க வேண்டுமே! இப்போதே இருக்கும் சிகிச்சையில்தான் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

தெரிந்துகொள்ளாமல் இருப்பது உன் உரிமையாம், உன்னிடம் சொல்லக் கூடாதாம், ஆய்வக விதி. வேலை போனால் போகட்டும். மாடிப்படியில் விழுந்துகிடந்த பெரியண்ணனின் சட்டைப் பொத்தானைக் கழற்றியவள் நான். இன்னொரு சட்டையைத் தொட மாட்டேன்.

பந்தயம் வேண்டாம். முதலில் இதய மருத்துவரைப் பார். பிறகு என்னைத் திட்டு. தலை நரைத்து, பல் கொட்டி, குச்சி ஊன்றிக்கொண்டு வந்தும் திட்டு. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
அக்கா