ஆறின டீ வரைக்கும்

கிடர்பூர்,
கொல்கத்தா.
18.8.2024

மதிப்புக்குரிய குருமூர்த்தி சார் அவர்களுக்கு,

கதிரேசன் வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா? ஜெயந்த் தம்பி, மருமகள், பேத்தி சாதனா எல்லாரும் நலமா?

சார், இந்தக் கடிதத்தை எழுதுவது நான். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. என் கையால் எழுதுகிறேன். மேலே இருக்கிற வரிகளுக்கே ஒரு காலை போய்விட்டது. டீ ஆறிவிட்டது. ஆறின டீயைச் சிரித்துக்கொண்டே குடித்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். போர்ட் ஆபீசில் உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊருக்குப் போகிற கடிதத்தை நான் சொல்வேன், நீங்கள் எழுதுவீர்கள். என் வீட்டுக்காரி நீலாவதி அங்கே யாரையாவது பிடித்துப் பதில் போட்டால் நீங்கள் படிப்பீர்கள், நான் கேட்பேன். "இப்படிக் கத்தாதே கதிரேசா, செவிடு நீதான், நான் இல்லை" என்பீர்கள். நீலாவதி போனபிறகு எனக்குக் கடிதம் போடவும் ஆள் இல்லை, படித்துச் சொல்ல நீங்களும் மகனோடு புவனேஸ்வரம் போய்விட்டீர்கள்.

டிரை டாக்கில் கப்பல் வயிற்றுக்குள் துரு தட்டித் தட்டிப் பாதி போயிருந்த காது, இந்த வருஷம் முழுசாகப் போய்விட்டது. நீங்கள் இங்கே இருந்தபோதே காதுக்கு வாங்கிய மெஷின் விசில் மட்டும் அடிக்கிறது. என் மகள் தமயந்தி தூத்துக்குடியிலிருந்து போனில் பேசினால் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காபித்தூளும் விற்கிற கமலம் ஒருநாள் என் காதுக்குள்ளேயே வாயை வைத்து, "பெரியவரே, கண்ணு நல்லாத்தான இருக்கு? எழுத்துக் கத்துக்கங்க" என்று கத்தினாள். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவளே சொல்லிக்கொடுத்தாள்.

முதலில் எல்லா எழுத்தும் கயிற்று முடிச்சு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் படித்தேன். பிறகு ஒரு நாள் கடை ஓரத்தில் ஒரு மூட்டை மேல் இருந்த எழுத்தைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். தலைக்குள் "கருப்பட்டி" என்று யாரோ சொன்னார்கள். நான் கூட்டவே இல்லை. குடையைப் பார்த்தால் குடை என்று தெரிகிற மாதிரி அது தானாகத் தெரிந்தது. அழுதுவிட்டேன் சார். கமலம் மிளகாய்த் தூள் பட்டுவிட்டது என்று தண்ணீர் கொடுத்தாள்.

இப்போது படிக்காமல் ஒரு எழுத்தைப் பார்க்க முடியவில்லை. ஊறுகாய் பாட்டில், காலண்டர், வடை கட்டிக்கொடுக்கிற பேப்பர் எல்லாம் என்னோடு பேசுகின்றன. நான் செவிடன் என்று அவைகளுக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோள். தப்பு எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி இதே தாளைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் சிவப்பு மை எனக்கு வேண்டும். பேனா மொட்டை. அழுத்தி எழுதியதில் அடியில் இருந்த தாள்கூடப் பள்ளமாகிவிட்டது. கமலம், "இது எழுதுறதா, உழுவுறதா?" என்கிறாள். கவரில் இங்கிலீஷ் விலாசம் மட்டும் அவள் எழுதியது.

இப்படிக்கு,
உங்கள் கதிரேசன்


புவனேஸ்வர்,
6.9.2024

அன்புள்ள கதிரேசனுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. விவரங்கள் எல்லாம் அறிந்து மகிழ்ச்சி. உனக்காக உட்கார்ந்து எழுதிக்கொடுத்த புண்ணியவானுக்கு என் நன்றியைச் சொல்லவும்.

இங்கே நல்ல மழை. மாடியில் காயப்போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. ஜூன் மாதம் எனக்குக் கொஞ்சம் உடம்புக்கு முடியாமல் போயிற்று. இப்போது தேவலை. பெரிதாக ஒன்றுமில்லை. சாதனா தானே சுட்ட வடையைத் தட்டில் வலது பக்கமாக வைத்திருக்கிறாள். நான் அதைத் தொடாமல் எழுந்துவிட்டேன் என்று ஒருநாள் முழுக்கக் கோபம். ஜெயந்துக்கு வேலை அதிகம். அவனோடு பேசுகிற தமிழ்தான் இந்த வீட்டில் தமிழ். அவனும் கொல்கத்தாவில் படித்த பிள்ளை, தமிழ் எழுத்து அறியாதவன். மருமகளுக்கும் பேத்திக்கும் பெங்காலிதான். சாதனாவுக்குத் தமிழ் எழுத்து கோலம் போலத் தெரிகிறதாம்.

இங்கே நல்ல மழை. மாடியில் காயப்போட்ட துணி காயவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். காது மெஷினைக் கழற்றி வைக்காதே.

அன்புடன்,
குருமூர்த்தி


கிடர்பூர்,
கொல்கத்தா.
29.9.2024

மதிப்புக்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நானே படித்தேன். என் பேருக்கு வந்து நானே படித்த முதல் கடிதம். உங்கள் எழுத்து என்ன அழகு! இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் அது அழகு என்று எனக்குத் தெரியாது.

மழை பெய்கிறது என்று இரண்டு இடத்தில் இருந்தது. நான்தான் போன வரியையே மறுபடி படிக்கிறேனோ என்று விரல் வைத்துப் பார்த்தேன். கமலத்திடம் காட்டினேன். "அங்க அவ்வளவு மழை போல" என்றாள்.

ஆனால் புண்ணியவான் யார் சார்? எழுதியது நான்தான். கேலி செய்கிறீர்களா? ஸ்டூல் கதிரேசன் எழுதுவானா என்று சந்தேகமா? கோபம் இல்லை, சிரிப்புதான் வருகிறது. இதுவும் என் கைதான். கையெழுத்து மாறியிருக்கும். கமலம் புது ஜெல் பேனா கொடுத்து, "காகிதத்தக் குத்தாம, தடவுற மாதிரி எழுதுங்க" என்று பழக்கிவிட்டாள். இப்போது பின்பக்கம் ஒரு தடம் இல்லை, பாருங்கள். சிவப்பு மை மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை.

முக்கியமான விஷயம். தமயந்தி மகளுக்குக் கல்யாணம். ஹவுராவில் மெயில் ஏறுகிறேன். நவம்பர் பதினைந்தாம் தேதி காலையில் வண்டி புவனேஸ்வரம் வரும். எஸ் நாலு பெட்டி. கொஞ்ச நேரம் நிற்கும். நீங்கள் பிளாட்பாரத்துக்கு வரவேண்டும். கமலம் கடையில் உங்களுக்குப் பிடித்த பக்குவத்தில் காபித்தூள் அரைத்துக் கொண்டுவருவேன்.

காபித்தூளுக்காகக் கூப்பிடவில்லை. ஒரு தமிழ்ப் பேப்பர் கொண்டுவருவேன். வண்டி நிற்கிற நேரத்துக்குள் உங்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். எத்தனை வருஷம் நீங்கள் எனக்குப் படித்தீர்கள். ஒரு பத்தியாவது நான் படிக்க, நீங்கள் கேட்க வேண்டும். தினமும் கிடர்பூர் பாலத்தடியில் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். லாரிக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் குரல் எனக்கே கேட்காததால் எவ்வளவு கத்துகிறேன் என்று தெரியவில்லை.

வருவதாக ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

உங்கள் கதிரேசன்


புவனேஸ்வர்,
20.10.2024

அன்புள்ள கதிரேசனுக்கு,

விஜயதசமி வாழ்த்துகள். துர்கா பூஜை நல்லபடியாக முடிந்தது. இங்கேயும் பந்தல்கள் உண்டு என்றாலும் காளிகாட் பக்கத்து நெரிசல் இல்லாமல் பூஜை வந்ததாகவே தோன்றவில்லை. மருமகள் நாடு என்கிற தேங்காய் உருண்டை பிடித்தாள். தேங்காய் என் பல்லுக்கு ஒத்துவரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியிருந்தது எல்லாம் சரியே. அப்படியே ஆகட்டும்.

கடிதத்தை நிறுத்தாதே. தபால்காரர் உன் கவரைப் போட்டுவிட்டுப் போனால் அன்று முழுக்க எனக்கு மனசு நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
குருமூர்த்தி


கிடர்பூர்,
கொல்கத்தா.
8.12.2024

குருமூர்த்தி சார் அவர்களுக்கு,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

அப்படியே ஆகட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி வண்டி உங்கள் ஊருக்குள் நுழைந்ததிலிருந்து கதவில் நின்றேன். நீங்கள் இல்லை. இறங்கித் தேடினேன். தூரத்தில் ஒரு வெள்ளை வேட்டி போயிற்று. நீங்கள்தான் என்று ஓடினேன். வேறு யாரோ. வண்டி கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். முழங்கால் இன்னும் சரியாகவில்லை. பேப்பர் பிளாட்பாரத்தில் விழுந்துவிட்டது.

உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்குமோ என்று ஊர் போய்ச் சேரும்வரை சாமி கும்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், வரவில்லை என்று ஒரு வரிகூட இல்லை.

இப்போது புரிகிறது. நான் எழுதியதைத் திருத்த மனசு வரவில்லை. நான் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை. கைநாட்டாக இருந்தவரைக்கும் கதிரேசன் வேண்டும். உங்களுக்கு வேண்டியது சிநேகிதன் இல்லை. மேஜைக்குப் பக்கத்தில், ஸ்டூலில் ஒரு கைநாட்டு. நீங்கள் படிக்க, வாயைப் பிளந்து கேட்க. ஆபீஸ்காரர் ஆபீஸ்காரர்தான்.

ஜெல் பேனா தீர்ந்துவிட்டது. பழைய மொட்டைப் பேனா. இனி எழுத மாட்டேன்.

கதிரேசன்


புவனேஸ்வர்,
2.2.2025

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்துவிட்டேன். படிக்க இத்தனை நாள் ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன். இதை எழுதி முடித்ததும் என்னால் திரும்பப் படிக்க முடியாது. சொன்னதையே சொன்னால் பொறுத்துக்கொள்.

ஜூன் மாதம் ஒருநாள் கரண்ட் பில்லுக்குச் செக் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதைச் சரிபார்க்காமல் நான் எதையும் கொடுக்கமாட்டேன், உனக்குத் தெரியும். பார்த்தேன். எறும்பை நசுக்கித் தேய்த்தது போல இருந்தது. "இதில் யாரடா கிறுக்கினது?" என்று ஜெயந்தைத் திட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "அப்பா, நீங்க இப்பத்தானே எழுதினீங்க?" என்றான்.

மூளையில் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதாம். கண் கெடவில்லை என்கிறார் டாக்டர். கண் வாங்குகிற படம் பின்னந்தலைக்குப் போகிறது. அங்கே சேதம் ஆனதில் வலது பக்க உலகம் எனக்கு இல்லை. சாதனாவின் வடை அங்கேதான் இருந்தது. இடது பக்கத்துப் படம் வருகிறது, ஆனால் எழுத்தை எழுத்து என்று அடையாளம் சொல்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோகிற வழி அறுந்துவிட்டது. நாற்காலி தெரிகிறது. குடை தெரிகிறது. பேத்தியின் முகம் தெரிகிறது. எழுத்து மட்டும் வெறும் கோடு. எழுதுவது வேறு வழியாக நடக்கிறதாம், அது பிழைத்துக்கொண்டது. உனக்கு எழுத்து வந்த அதே வருஷம் எனக்கு எல்லாம் முடிச்சாகிவிட்டது.

கவரை மருமகள் பார்த்து, "கிடர்பூர் காக்கா" என்று பெங்காலியில் சித்தப்பா முறை சொல்லிக் கையில் கொடுப்பாள். பிரித்துப் பார்ப்பேன். கோணல்மாணலாக ஒரு கை. அக்கம்பக்கத்தில் யாரோ உனக்கு எழுதித் தருகிறார்கள் என்று நினைத்தேன். உனக்குப் பதில் எழுதியதெல்லாம் குருட்டு ஊகம். எந்தக் கடிதத்துக்கும் பொருந்துகிற பதிலை எழுதப் பழகியவன் நான். அப்படியே ஆகட்டும் என்று எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வேறு யாரிடமாவது கொடுத்துப் படித்திருக்கலாம் என்பாய். இங்கே கோயிலுக்கு வருகிற தமிழர்கள் இருக்கிறார்கள். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். வைத்துக்கொண்டே திரும்பிவருவேன். கிடர்பூரில் எத்தனை பேருக்குப் படித்துச் சொன்ன வாய்! "இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க அந்த வாய் வரவில்லை. நீ எப்படிக் கேட்டாய், கதிரேசா? அவ்வளவு சுலபமாக, சிரித்துக்கொண்டு?

டிசம்பர் கடிதத்தைப் பிரித்துத் தாளின் மேல் கை வைத்தேன். வயல் மாதிரி இருந்தது. இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. விரல் தானாக ஒரு பள்ளத்துக்குள் போய் அது போகிற வழியே போயிற்று. "கை" என்று தலைக்குள் கேட்டது. கண் சொல்லாததை விரல் சொன்னது. அடுத்த பள்ளம், அதற்கடுத்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு நான் படித்த முதல் சொல் கைநாட்டு.

சந்தோஷத்தில் ஜெயந்தைக் கத்திக் கூப்பிட்டேன். அவனிடம் காட்டினேன். பிறகு மற்றச் சொற்களைப் படித்தேன். கண்ணால் என்றால் கசப்பான வரியைச் சட்டென்று தாண்டிவிடலாம். விரலால் தாண்ட முடியாது. ஒவ்வொரு எழுத்தின் வளைவும் போய்த்தான் வரவேண்டும். ஆபீஸ்காரர் என்பதற்கு ஒரு மத்தியானம். யோசித்துப் பார்த்தேன். நீ எழுதியது பொய் என்று சொல்ல முடியவில்லை.

பெட்டியில் இருந்த மற்ற இரண்டையும் எடுத்துத் தடவினேன். செப்டம்பர் கடிதம் வழவழவென்று இருக்கிறது. அதில் என்ன எழுதினாய் என்பதை டிசம்பர் கடிதத்தை வைத்து ஊகித்துக்கொண்டேன். ஆகஸ்ட் கடிதத்தில் பள்ளம் இருக்கிறது, ஆனால் மங்கிவிட்டது. மெதுவாகப் போகிறேன். எழுதுவது நான், என் கையால் எழுதுகிறேன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். புண்ணியவானுக்கு நன்றி சொல்லச் சொன்னேனே, அது நீயா! இதுவரை ஆறின டீ வரைக்கும் வந்திருக்கிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே வர வேண்டாம். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குருமூர்த்தியை நீ பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
குருமூர்த்தி


கிடர்பூர்,
கொல்கத்தா.
16.2.2025

சார்,

மொட்டைப் பேனாவால் அழுத்தி எழுதுகிறேன். உங்கள் விரல் நோகக்கூடாது. கொஞ்சம்தான் எழுதுவேன்.

நான் எழுதியதில் நீங்கள் முழுசாகப் படித்தது அந்த டிசம்பர் கடிதம் ஒன்று. அதற்காகவா எழுத்துக் கற்றேன்? கிழித்துப் போடுங்கள். கிழித்தாலும் விரலில் இருக்கும். தெரியும்.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மார்ச் இரண்டு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதீர்கள். வீட்டுக்கு வருகிறேன். ஸ்டூல் போதும். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். எழுதியதை நான் படிக்கிறேன்.

ஆகஸ்ட் கடிதத்தில் டீக்கு மேலே போக வேண்டாம். அங்கேயே நில்லுங்கள். மிச்சத்தை நான் வந்து படித்துக் காட்டுகிறேன்.

கதிரேசன்