பூசணம் என்று நான் சொன்ன பழம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுதுகிறார். உன் புருஷனிடம் எழுதித் தரச் சொல்ல எனக்கு முகம் இல்லை. இங்கே எல்லாரும் சுகம். நீயும் உன் அம்மாவும் சுகமா?

அன்றைக்கு நடந்தது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. உன் அம்மா வந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் ஃப்ரிஜ்ஜைத் திறந்து நீ வாங்கிவைத்த புளூபெர்ரி டப்பாவை எடுத்தேன். பழத்தின் மேல் வெள்ளையாக மாவு போலப் படிந்திருந்தது. காலமெல்லாம் லாரியில் பழம் ஏற்றி இறக்கியவன் என்ற திமிர் எனக்கு. “பாத்தீங்களா சம்பந்தியம்மா, பூசணம் புடிச்சதத்தான் உங்க பொண்ணு எனக்குப் போடுறா, கிழவன் சீக்கிரம் போகட்டும்னு” என்று சொல்லிவிட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு உன் அம்மாவோடு கிளம்பிவிட்டாய்.

நீ போன பிறகு, பூசணம் போகட்டும் என்று எல்லாப் பழத்தையும் உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு டப்பாவில் அடைத்தேன். கொழகொழவென்று ஆகி, நிஜமாகவே பூசணம் பிடித்தது. அதைத் தூக்கிக்கொண்டு பழக்கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. அந்த வெள்ளை மாவு பழத்தோடு பிறந்ததாம். அது இருந்தால்தான் புதுப் பழமாம். தின்னும்போதுதான் கழுவ வேண்டுமாம்.

“உங்க மருமக டப்பாவ ஆட்டிப் பாப்பாங்க பெருசு, பழம் ஒட்டாம உருளணும். காம்புப் பக்கம் சிவப்பா இருந்தா வேணாம்பாங்க. மாமாவுக்குச் சர்க்கரை, இனிப்பு கேட்டு அடம் புடிக்கிறாரு, இதுல நார்ச்சத்து இருக்கு, ஒரு கை அள்ளித் தயிர்ல போட்டுக் குடுத்தா ஐஸ்கிரீம்னு நெனச்சுச் சாப்பிட்டுடுவாருன்னு சொல்வாங்க” என்றான். அத்தனை பேர் நடுவில் கூனிக் குறுகிப் போனேன்.

இதைக் கேட்ட தையல்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நாக்க நீட்டுங்க, ரெண்டு தையல் போட்டு வுடுறேன்” என்கிறார். போடட்டும்.

உன் புருஷன் தட்டை வைக்கிறான், போய்விடுகிறான். திட்டினால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். உன்னைத் திரும்பக் கூப்பிட அல்ல, அதைக் கேட்க எனக்கு வாய் ஏது? உன் அம்மா எதிரில் சொன்னதை அவர் எதிரிலேயே தப்பு என்று சொல்ல வேண்டும். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். கதவை மட்டும் திறம்மா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா