உம்முடைய பெயரில் எழுதிய பதில்

குட்மேய்ஸ், லண்டன்,
24 மார்ச் 2026

அன்புள்ள அனோவுக்கு,

நானும் ஆரபியும் சுகமாக இருக்கிறோம். வெர்மொண்டில் இன்னும் பனி கரையவில்லை என்று பிள்ளை சொன்னாள். கேலப் வீட்டில் விறகு அடுப்பு மட்டும்தான் என்றும் சொன்னாள். காலுக்கு இரண்டு சோடி காலுறை போட்டுக்கொள்ளும். உமக்குக் குளிர் முதலில் காலில்தான் பிடிக்கும், பிறகுதான் தொண்டைக்கு ஏறும்.

இந்தக் கடிதத்தை முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். நாலு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். வாசித்துப் பார்த்தால் பார்க்கிங் பெர்மிட் தர முடியாது என்று நாங்கள் கவுன்சிலிலிருந்து அனுப்புகிற கடிதம் போலவே இருந்தது. கிழித்துப் போட்டேன். தமிழில் எனக்கு அவ்வளவு சாதுரியம் இல்லை. அதுவே நல்லது.

ஆரபி நீச்சலில் இருபத்தைந்து மீட்டர் முடித்துவிட்டாள். கீழ்வரிசையில் இன்னொரு பல் விழுந்துவிட்டது. நான் அவிக்கிற புட்டு கல்லாகத்தான் வருகிறது. ஆனாலும் சாப்பிடுகிறாள், முகத்தைச் சுளிப்பதில்லை, அதுதான் எனக்குக் கவலை. செவ்வாயும் வியாழனும் பக்கத்து வீட்டு மங்கை அக்கா அவளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிறா. ஒவ்வொரு முறையும், “அனோ எப்ப வாறா?” என்று கேட்கிறா. “வேலை முடிய வருவா அக்கா” என்கிறேன். அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றக் கேள்வியைக் கேட்காமல் போய்விடுகிறா.

இனி, எழுத வந்ததை எழுதுகிறேன். உமக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். ஒழுங்காகச் சொல்லாவிட்டால் இடையில் எங்காவது நழுவிவிடுவேன்.

கலியாணம் முடித்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் லேட்டன்ஸ்டோன் பப் ஒன்றின் மேல்மாடியில் பாடிக்கொண்டு திரிந்த காலத்தைத்தான் சொல்கிறேன். நீர் நாட்டார் பாட்டு ஒன்றை எடுத்து, அதன் நடுவில் ஆங்கிலேயரின் பழைய பாட்டு ஒன்றுக்குள் இறங்குவீர். நான் கிற்றாரை எதிரொலி எழுப்புகிற எக்கோப் பெட்டிக்குள் விட்டு, ஒரே சுரத்தை ஊதுவத்திப் புகை மாதிரிச் சுற்றவிடுவேன். சைக்கடெலிக் நாட்டார் இசை என்று நோட்டீசில் போட்டார்கள். கம்பளித் தொப்பியும் தாடியுமாக முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். லூயிஷாம் சிவன் கோவிலிலும் ஒரு தடவை அதே மாதிரி ஒரு பதிகம் பாடினோம். முடிந்ததும் நிர்வாகத்தில் இருந்த ஐயா வந்து, “தம்பி, மைக்கில ஏதோ பிழை எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்” என்றார். நீர் கார் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தீர்.

2015இல் சமையலறையில் வைத்து நாலு பாட்டுப் பதிந்து ஐம்பது கசெற் அடித்தோம். அதில் ஒன்று எப்படியோ அத்திலாந்திக்கைக் கடந்து, நாங்கள் இரண்டு பேரும் இசைத்தட்டு வாங்கிக் கேட்கிற பாஞ்சோக்காரர் கேலப்பின் கையில் கிடைத்தது. அவர் எழுதிய மின்னஞ்சல் எங்கள் இசைக்குழுவின் முகவரிக்கு வந்தது. அந்த முகவரியை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த இலையுதிர் காலத்தில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், வெர்மொண்டுக்கு வந்து தங்கி, ஒரு முழு இசைத்தட்டுச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். கடைசிச் சுரத்தை வளைத்துப் பிடிக்கிற அந்தப் பெண்ணின் குரல் தன்னை மூன்று நாள் நித்திரை கொள்ள விடவில்லை என்றும் எழுதியிருந்தார்.

நான் அதை உமக்குக் காட்டவில்லை. உம்முடைய பெயரில் பதில் எழுதினேன். ‘அழைப்புக்கு நன்றி. நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். அனோஜினி.’ அவ்வளவுதான். எழுதி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போட்டு உமக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தேன். நீர் அடுத்த நிகழ்ச்சிக்கு என்ன பாடுவோம் என்று கேட்டீர்.

போன ஒக்டோபரில் கேலப் லண்டனுக்கு வருகிறார் என்று நீர்தான் ரிக்கற் எடுத்தீர். வரமாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். ஸ்டோக் நியூவிங்டன் தேவாலயத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு அந்த மனிதர் பாஞ்சோ வாசித்தார். முடிந்ததும் இசைத்தட்டு விற்கிற மேசையடியில் நீர் உம்முடைய பெயரைச் சொன்னீர். அவர் எழுந்து நின்றார். “பாடுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எத்தனையோ நாள் அதை நினைத்துக் கவலைப்பட்டேன்” என்றார். நீர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தீர்.

வீட்டுக்கு ரயிலில் வந்தோம். ஃபாரஸ்ட் கேற் தாண்டியதும், “என்ர பேரிலையோ எழுதினனீங்கள்?” என்று கேட்டீர். ஓம் என்றேன். ஏன் என்று கேட்டீர். அப்போதுதான் கவுன்சில் வேலை கிடைத்தது, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள், வீடும் வாங்க வேண்டியிருந்தது, உம்மைத் தனியே அனுப்பப் பயமாக இருந்தது என்று குட்மேய்ஸ் வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் காரணமும் அது இல்லை.

காரணம் இதுதான், அனோ. கேலப்பின் கடிதத்தில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. அதை உமக்கு இன்று வரைக்கும் சொல்லவில்லை. கேலப்பும் நாகரிகமான மனிதர், சொல்லியிருக்க மாட்டார். ‘கிற்றாருக்கு இங்கே ஆள் இருக்கிறது, அந்தப் பெண் மட்டும் வந்தால் போதும்’ என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கு என்னில் ஒரு குறையும் இல்லை. நான் தேவையில்லை, அவ்வளவுதான். அது எனக்குத் தாங்க ஏலாமல் போய்விட்டது. நீர் அங்கே போய், நான் இல்லாமலே நன்றாகப் பாடுவீர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் நான் தடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் பாவம். நான் எழுதிய பொய் மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டு வந்தது. லேட்டன்ஸ்டோன் பப்பை மூடினார்கள். கசெற்றுகள் கட்டிலுக்குக் கீழே போயின. ஒரு நாள் நீர், “எங்கட பாட்டு ஒருத்தருக்கும் பிடிக்கேல்லைப் போல” என்றீர். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “விடும், வேற வேலையைப் பாப்பம்” என்றேன். ஆரபி பிறந்தாள், நீர் பள்ளிக்கூட வேலைக்குப் போனீர். குளிக்கும்போது கூடப் பாடுவதை விட்டுவிட்டீர். எந்த மாதத்தில் அது நின்றது என்று கூட எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தேன்.

போன கிழமை நீர் ஆரபிக்கு அனுப்பிய பாட்டை அவள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டாள். அது எனக்கு அனுப்பியது இல்லை என்று தெரியும். எழுந்து போகத்தான் பார்த்தேன், ஆனால் கடைசி வரைக்கும் இருந்து கேட்டேன். உம்முடைய குரல் இறங்கியிருக்கிறது. முன்பு மேலே ஏறிப் பிடிக்கிற இடத்தில் இப்போது கீழேயே நின்றுகொண்டு எங்களை வரச்சொல்லுகிறீர். அதுவும் நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வயதில் உமக்கு இருந்த குரலை இனி யாரும் பதிய முடியாது. அதை நான்தான் இல்லாமல் செய்தேன்.

கிற்றார் வாசிக்கிறவர் யாரென்று தெரியாது. நீர் மூச்செடுக்கிற இடங்களில் அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். நான் என்றால் அங்கேதான் எக்கோவை ஏற்றியிருப்பேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் ஆரபி, அம்மா ஏன் இங்கே இதைச் செய்யவில்லை என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு வந்த கடிதத்துக்கு நான் அம்மா மாதிரிப் பதில் எழுதிவிட்டேன் என்றேன். “அது பொய்தானே அப்பா” என்றாள். ஓம் என்றேன். அம்மாவிடம் ஸொறி சொன்னீங்களா என்று கேட்டாள். இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றேன். அவள் தன்னுடைய தட்டை மட்டும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்னொரு விசயம். அந்தப் பழைய முகவரிக்கு வெள்ளிக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. யோர்க்சயரில் நாட்டார் இசை விழா நடத்துகிற ஒரு பெண் உமக்கு எழுதியிருக்கிறா. முதல் இரண்டு வரி கண்ணில் பட்டுவிட்டது, அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. அப்படியே உமக்கு அனுப்பியிருக்கிறேன். முகவரியின் கடவுச்சொல்லைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இது கைக்குக் கிடைத்த உடனே மாற்றிவிடும், எனக்குத் தெரிய வேண்டாம்.

கேலப்போடு அந்த இசைத்தட்டைச் செய்ய ஆறு கிழமை என்று போனீர், இப்போது ஒன்பதாகிவிட்டது. அவசரப்பட வேண்டாம். பிள்ளையைச் சாட்டி உம்மை வரச்சொல்லமாட்டேன். செய்யிற வேலையை உம்முடைய மனத்துக்குப் பிடித்த மாதிரி முடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நீரே யோசித்துச் சொல்லும். என்ன சொன்னாலும் நான் கேட்பேன்.

ஹீத்ரோவில் நீர் சொன்னதை நான் மறக்கவில்லை. “கொஞ்ச நாளைக்கு நீங்கள் என்னோட போனில கதைக்க வேண்டாம். நீங்கள் கதைச்சா நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டிடுவன்” என்றீர். அது நியாயம். ஆனபடியால் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரபி உம்மோடு கதைத்து முடிந்ததும் போனை மேசையில் போட்டுவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். இந்த ஞாயிறு நீர் உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் விடும். நான் எடுக்கமாட்டேன், ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன். அங்கே நீர் நடந்து திரிகிற சத்தம் கேட்டால் போதும்.

தொண்டையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும். நீர் எங்கே நின்று பாடினாலும் நல்லாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உம்முடைய மன்னிப்பைக் கேட்க இவ்வளவு காலம் எடுத்த,
சுபாஸ்கரன்