கராஜ் கதவு கெட்டுப்போகவில்லை

டுலூத்,
டிசம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள காரினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ஹெக்டரும் டூசான் வெயிலில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இருக்கிறோம். அப்பாவின் ரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கி நிற்கிறது, எனக்கு இடது கையில் இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, ஏரிக் காற்று வழக்கம்போல எலும்பைத் தேடிப் பிடிக்கிறது. நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா எடுத்து "அம்மா குளிக்கிறா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். ஒரு மனுஷி இத்தனை தடவை குளிக்க மாட்டாள் என்று உனக்கே தெரிந்திருக்கும். போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் நீ பத்து வார்த்தை பேசி முடிப்பாய், கடைசியில் நான்தான் "பரவாயில்ல கண்ணு" என்று சொல்லி வைப்பேன். இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் மூடி வைக்காமல் கடைசி வரை படி.

கராஜ் கதவு எப்படி நின்றுபோனது என்று உனக்குத் தெரியும், எங்களுக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் அது நின்ற பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் டேல் ஏணியோடு வந்தான். "அப்பா, குளிர்காத்து உள்ள வராம கதவுக்கு அடியில புது ரப்பர் போட்டுத் தர்றேன், நீங்க போய் ஃபுட்பால் பாருங்க" என்றான். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனேன், மேலே ஏணியில் நின்றுகொண்டு, கதவின் கனத்தைத் தாங்குகிற அந்தப் பெரிய ஸ்ப்ரிங்கில் ஏதோ செய்துகொண்டிருந்தான். "அம்மா, கிட்ட வராதீங்க, இது கையைப் பிடுங்கிடும்" என்றான். என்ன அக்கறையான பிள்ளை என்று நினைத்தேன் காரின். அடுத்த வாரம் சர்ச்சில் இரண்டு பேரிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். மறுநாள் காலையில் அப்பா பட்டனை அமுக்கினார், மோட்டார் முனகியது, கதவு ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது. கார் உள்ளே, நாங்கள் வெளியே.

செப்டம்பரில் அப்பா தபால் பெட்டியை உரசி வண்டியின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது உண்மைதான். டேல் அதைப் பார்த்து முகம் சுருங்கியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் பயந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறவள் நான்தானே.

அப்பா என்ன செய்திருப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றும் பாலத்தில் வாழ்நாள் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய மனுஷன், ஒரு கதவிடம் தோற்பாரா. முதலில் கீழே இரண்டு பக்கமும் இருக்கிற, குறுக்கே ஏதாவது இருந்தால் கதவை நிறுத்துகிற அந்தச் சின்னக் கண்ணாடிக் கண்களைத் துணியால் துடைத்தார், சிலந்தி கூடு கட்டியிருக்கும் என்றார். அப்புறம் சக்கரம் ஓடுகிற பாதையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு கீலாக முடுக்கினார், ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். கிரீஸ் டப்பாவைக் காலி செய்துவிட்டு, "வெர்னா, நான் தேச்ச கிரீஸுக்கு ஒரு கப்பலே வழுக்கிட்டுப் போய் ஏரியில விழுந்திருக்கும், இந்த மூதேவி அசைய மாட்டேங்குது" என்றார். சிரித்தோம். அப்போது சிரித்தோம். ஆள் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் டேல் குறுக்கே வந்தான். "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், நானே கூட்டிட்டு வர்றேன், நீங்க யாரையும் கூப்பிட்டு ஏமாறாதீங்க." அந்த ஆள் அடுத்த வாரம் வருகிறான், அப்புறம் அவனுக்குக் காய்ச்சல், அப்புறம் மான் வேட்டைக்குப் போய்விட்டான். நீயும் போனில் எவ்வளவு இயல்பாகக் கேட்டாய், "இன்னும் கதவு சரியாகலையாம்மா? டேல் பாத்துப்பான், விடுங்க" என்று.

என் அக்கா இங்காவைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அப்பாவின் கார் அப்பாவுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். புதன்கிழமை தோறும் அவர் என்னை டூ ஹார்பர்ஸ் ஊரில் அவள் இருக்கிற முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போய் அவளோடு விட்டுவிட்டு, கீழே காப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார். எனக்கு அந்த ஒரு புதன்கிழமைதான் வாரம். கதவு நின்றபோது டேலிடம் சொன்னேன். "நான் கூட்டிட்டுப் போறேம்மா, கவலைப்படாதீங்க" என்றான். ஒரே ஒரு தடவை கூட்டிப் போனான். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கா அவனைப் பார்த்து, "உட்காருடா, உனக்கு யாரும் பில் போட மாட்டாங்க" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் அவனுக்கு வேலை. நீ கேட்கலாம், எதிர்வீட்டு மார்லினிடம் கேட்டிருக்கலாமே, சர்ச்சில் யாரையாவது கேட்டிருக்கலாமே என்று. கேட்டிருப்பேன். இனிமேல் கார் கிடையாது என்று தெரிந்திருந்தால் வெட்கத்தை விட்டு வீடு வீடாகப் போய்க் கேட்டிருப்பேன். நாளைக்குச் சரியாகிவிடும், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மனுஷர்கள் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். நானும் காத்திருந்தேன்.

நவம்பரில் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள், இங்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, வந்து பார்த்தால் நல்லது என்று. டேலுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மார்லின் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா கோட்டை மாட்டினார். "வா, கையாலயே தூக்கிடலாம். சிவப்புக் கயித்த இழுத்து மோட்டாரை விடுவிச்சா கதவு தானா வரும், எத்தனை தடவை கரண்ட் போனப்போ தூக்கியிருக்கேன்." கயிற்றை இழுத்தார். இரண்டு பேரும் குனிந்து தூக்கினோம். அது கதவாக இல்லை, கல்லாக இருந்தது. முழங்கால் உயரம் வந்ததும் அப்பா ஒரு மரக்கட்டையைச் சொருகிவிட்டு மூச்சு வாங்கினார். முகம் சிவந்து போயிருந்தது. "ஆர்விட், போதும்" என்றேன். "இன்னும் ஒரே ஒரு தம்" என்றார். இரண்டாவது தடவை தூக்கும்போது கட்டை நழுவியது, கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, என் கை கதவின் மடங்குகிற இரண்டு பலகைக்கு நடுவில் இருந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அப்பா கத்தியது ஞாபகம் இருக்கிறது, என் பேரைச் சொல்லிக் கத்தினார். கடப்பாரையால் நெம்பி என் விரலை வெளியே எடுத்தார். அன்றைக்கு நான் டூ ஹார்பர்ஸ் போகவில்லை, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னிடம் டேல் "அம்மா கை சும்மா இடிச்சுக்கிட்டாங்க" என்று சொன்னானாமே. விரலில் கம்பி வைத்தார்கள் காரின்.

நான் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்த அந்த வாரத்தில்தான் இங்கா போனாள். அடக்கத்துக்கு நீ பூ அனுப்பியிருந்தாய், அழகாக இருந்தது, யார் அனுப்பியது என்று எல்லோரும் கேட்டார்கள். சர்ச் பேஸ்மென்ட்டில் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இல்லத்து நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். புதன்கிழமை வந்தால் இங்கா தலை வாரிக்கொண்டு நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாளாம். மத்தியானச் சாப்பாட்டைத் தொட மாட்டாளாம். "தங்கச்சி வந்துரட்டும், ரோட்டில ஏதோ வேலை நடக்குது போல, அதான் லேட்டு" என்பாளாம். எனக்காக அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள், பார்.

அடக்கம் முடிந்த பிறகு அப்பா டேலைக் கேட்கவில்லை, அவரே போன் புத்தகத்தைப் பார்த்து ஓர் ஆளை வரவழைத்தார். கர்ட் என்று பெயர், நல்ல தமாஷான ஆள். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீங்களா சார் இதை இறக்கிவிட்டது? ஸ்ப்ரிங் ஒண்ணும் உடையல. சுத்தைத் தளர்த்தி விட்டிருக்காங்க, அதான் மொத்த கனமும் கதவுலயே நிக்குது. திருகெல்லாம் ஒழுங்கா முடுக்கியிருக்கு, தெரிஞ்ச கைதான்." அப்பாதான் செய்தார் என்று நினைத்துக்கொண்டு பாராட்டினான், பாவம். அப்பா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அப்பா உள்ளே போய்ச் சமையலறைக் குழாயில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

டேலை வரச் சொன்னோம். சமையலறை மேஜையில் உட்கார்ந்தான், காப்பி ஊற்றினேன், தொடவில்லை. அப்பா கோபப்படாமல்தான் கேட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் ஒத்துக்கொண்டான். "நீங்க யாரையாவது இடிச்சுக் கொன்னுட்டீங்கன்னா என்னப்பா பண்றது? சொன்னா கேப்பீங்களா?" என்றான். அப்பா, "சொல்லிப் பாத்தியாடா?" என்றார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "என் கண்ணு போச்சுன்னா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. கதவுகிட்ட எதுக்குடா போய்ச் சொன்ன?" என்றார். அப்போதுதான் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் மட்டும் இல்லப்பா. காரின்தான் சொன்னா, சாவியைப் பிடுங்கினா சண்டை வரும், கதவு கெட்டுப்போச்சுன்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்லன்னு" என்றான். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. நீ சொன்ன வார்த்தைதானா அது? நீ எப்போதும் புத்திசாலி. என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க அப்பாகிட்ட சொல்லிடுவீங்க" என்றான். ஆமாம், சொல்லியிருப்பேன். கூடவே வாழ்கிற மனுஷனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

பழைய கதவைக் காப்பாற்ற முடியவில்லை. விழுந்ததில் கீழ்ப் பலகை மடங்கிவிட்டது, அந்த மாதிரிப் பலகை இப்போது வருவதில்லையாம், மோட்டாரும் இழுத்து இழுத்துப் பல் தேய்ந்து போயிருந்தது. கர்ட் இன்னோர் ஆளோடு வந்து மேலிருந்து கீழ் வரை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினான். வெள்ளை நிறம், உள்ளே குளிர் தாங்குகிற பஞ்சு வைத்தது. இரண்டு விரலால் தூக்கினால் மேலே போகிறது, பாதியில் விட்டால் அங்கேயே நிற்கிறது, அப்படி இருந்தால்தான் ஸ்ப்ரிங் சரியாக இருக்கிறதாம். அவர்கள் போன பிறகு அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு காரை வெளியே எடுத்தார். நான் தடுக்கவில்லை, கூடவும் போகவில்லை. ஜன்னலில் நின்றேன். காப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். சாவியை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "மூலையில ஸ்டாப் பலகை இருக்குன்னு எனக்குத் தெரியும் வெர்னா, அதனால நின்னேன். புது ஊரா இருந்தா நின்னிருக்க மாட்டேன்" என்றார். அடுத்த வாரமே காரை மார்லினின் மருமகளுக்குக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவரேதான் கொடுத்தார். அந்தப் பெண் சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டாள், அவர் மரம் மாதிரி நின்றார்.

ஆகவே நீங்கள் நினைத்தது சரி என்று நீ சொல்லலாம். சொல்லாதே. என்னிடம் மட்டும் அதைச் சொல்லாதே. டேல் இப்போது பனி விழுந்தால் வந்து வாசலில் அதை அள்ளிவிட்டுப் போகிறான், மணி அடிப்பதில்லை. அப்பா அந்தச் சத்தம் கேட்டால் பின்கட்டு அறைக்குப் போய்விடுகிறார். நேற்று நான் ஒரு கோப்பை காப்பியை வெளிப் படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன், திரும்பிப் போய்ப் பார்த்தபோது கோப்பை காலியாக இருந்தது. அவ்வளவுதான் இப்போது எங்களுக்குள் பேச்சு.

இனிமேலும் ஒவ்வொன்றாக வரும். இந்த வீடு, இந்தப் படிக்கட்டு, அடுப்பு, அப்புறம் எங்களில் ஒருவர். அன்றைக்கும் நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசி முடிவு செய்துவிட்டு ஏதாவது ஒன்றை ரகசியமாகக் கழற்றி வைக்காதீர்கள். விமானம் ஏறி வந்து எங்கள் எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பா கத்துவார், நான் அழுவேன், உனக்கு வந்த அன்றே திரும்பிப் போகத் தோன்றும். தோன்றட்டும். அப்போதும் சொல்.

இங்கா தன் நீலப்பூ போட்ட காப்பிக் கோப்பைகளை உனக்கென்று சொல்லி வைத்திருக்கிறாள். தபாலில் அனுப்ப மாட்டேன், உடையும். வந்து எடுத்துக்கொண்டு போ. வருகிற தேதியை அப்பாவிடமே சொல், டேல் வழியாகச் சொல்லி அனுப்பாதே. மாப்பிள்ளையின் முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாத்திரையை அதிகம் விழுங்க விடாதே. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், என் கோபம் உன்னைத் தொடாமல் இருக்கட்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன், எனக்கே அது பாதிதான் மனசார வருகிறது.

இதை முழுக்க அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். ஏரியைப் பார்த்துக்கொண்டே, "கதவு நல்லா வேலை செய்யுதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெர்னா