நாலு கால் காகம்

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.

என் செல்ல மகள் கஜந்தினிக்கு,

பிரிஸ்பேனில் நீயும் மருமகனும் குட்டியும் சுகமென்று நம்பித்தான் எழுதுகிறேன். நான் சுகம், உன் சித்தி புஷ்பவதி என்னைத் திட்டும் அளவுக்குச் சுகம், மூன்று மாடிப் படி அவளுடைய முழங்காலைத்தான் தின்றது, குரலைத் தொடவில்லை. இனி, மொன்றியல் மாநகரின் முடிசூடா மன்னனாகிய நான் சத்தியம் பண்ணி ஒரு கதை சொல்லப்போகிறேன். உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பாதே.

போன வருசம் புரட்டாதிச் சனிக்கு விரதச் சோற்றைக் காகத்துக்குப் பல்கனியில் வைத்தேன், ஒரு காகமும் எட்டிப் பார்க்கவில்லை. காகம் தொடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? அலுமினியத் தட்டோடு பஸ் ஏறி மவுண்ட் ரோயல் மலைக்குப் போய், சுற்றுலாக்காரர் நின்று நகரம் பார்க்கும் இடத்தில் கா கா என்று கூப்பிட்டேன். அந்தக் குரலுக்குப் பதினேழு விமானங்கள் பாதை மாறின. காகம் வரவில்லை, புதருக்குள்ளிருந்து ஒரு ரக்கூன் வந்தது. எருமைக்கன்று அளவு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி. இரண்டு கையாலும் சோற்றை அள்ளித் தின்றுவிட்டு, பயத்தங்காய்க் கறிக்கு உப்புக் காணாது என்று முகத்தைச் சுளித்தது. சனீஸ்வரனின் காகமே நாலு காலில் வந்துவிட்டது என்று கும்பிட்டேன். விசரே உங்களுக்கு, காட்டுச் சீவனுக்குச் சோறு பழக்காதேங்கோ என்று வீட்டில் சித்தி கத்தினாள். மலையில் இருந்த பலகையும் அதையேதான் பிரெஞ்சில் சொல்லிற்று. வேண்டாத நேரத்தில் எனக்குப் பிரெஞ்சு மறந்துபோகும், உனக்குத் தெரியும்தானே.

பனிக்காலம் போக ஒவ்வொரு சனியும் போனேன். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கோயிலுக்கு முதல் அதைத்தான் காட்டினேன். ஆளுக்கொரு வடை, ஆளுக்கொரு செல்ஃபி. போன மாதம் லண்டன் வசீகரனின் ஐந்து வயது மகள் வெறுங்கையை நீட்டினாள். வடை என்று நினைத்து அது விரலைக் கவ்விவிட்டது. கை நீட்டினால் சாப்பாடு என்று அதுக்குப் படிப்பித்தவன் நான். பிள்ளைக்கு நாலு ஊசி, இப்போது சுகம்.

பிறகு நகரசபையிலிருந்து இரண்டு பேர் மலைக்குக் கூண்டோடு வந்தார்கள். மூன்று நாளாகியும் அது கூண்டுப் பக்கம் போகவில்லை. ஐயா, நீங்கள் கூப்பிட்டால் வருமோ என்று ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான். எங்கேயாவது தூரக் காட்டில் விடுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன் மகள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூப்பிட்டேன். வந்து, உள்ளே போய், கம்பிக்குள்ளால் கையை நீட்டியது. என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நாய்க்கடியில் வருகிற விசர்நோய் இதுக்கும் இருக்கிறதா என்று பார்க்க மூளையை எடுக்கவேண்டுமாம், அது பிறகுதான் தெரியும். நோய் இல்லை என்று ஐந்தாம் நாள் தொலைபேசியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு கிழமை சித்தி என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆவணியில் வரும்போது குட்டி வடை கொடுக்க ஆசைப்படுகிறாள் என்று சொன்னாயே, அதனால்தான் எழுதுகிறேன். மலைக்குப் போவோம், வெறுங்கையோடு, தூர நின்று. உன் பின்வளவு மரத்தால் இறங்கி வரும் அந்தப் பொசம் என்ற சீவனுக்கும் பப்பாளிப்பழம் வைப்பதை நிறுத்து, அது உன்னைக் கண்டு ஓடட்டும். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் நல்லூரான் பார்த்துக்கொள்வான். சித்தியின் முழங்காலுக்குத் தைலம் மறக்காதே.

குட்டி கேட்டால், சித்தப்பா தாத்தா சொன்னது எல்லாம் புளுகு என்று சொல்லிவிடு. எருமைக்கன்று புளுகு, பதினேழு விமானமும் புளுகு. நான் கூப்பிட்டால் அது வரும் என்ற அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.

உன்னை வளர்த்த சித்தப்பா,
அருமைநாதன்